எக்கோ டெக்னீஷியன் ஆவது எப்படி: பிளஸ் டூ முதல் புரோப் பிடிக்கும் வரை

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே கேள்விதான். "அக்கா, பொண்ணு பயாலஜி குரூப். எம்.பி.பி.எஸ். கிடைக்கிற மாதிரி தெரியல. எக்கோ படிக்கலாம்னு சொல்றாங்க, படிக்க வைக்கலாமா?"

தாராளமாகப் படிக்க வைக்கலாம். இதயத்தை ஸ்கேன் எடுக்கும் வேலை இது. நல்ல படிப்பு, மரியாதையான வேலை. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் ஏமாந்துவிடக் கூடாது. இது கை படிந்தால்தான் வரும் தொழில். நான்கு வருடம் படித்தும், நெஞ்சில் வைத்துப் படம் எடுக்கும் அந்த புரோப்பைச் சரியாகப் பிடிக்கத் தெரியாதவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் மேல் தப்பில்லை, யாரும் அவர்கள் கையில் புரோப்பைக் கொடுக்கவில்லை. கல்லூரி தேடும் நாள் முதல் வேலையில் சேரும் நாள் வரை, எக்கோ மெஷின் முன்னால் எத்தனை மணி நேரம் உட்காரக் கிடைக்கும் என்பதை வைத்தே ஒவ்வொரு முடிவையும் எடுங்கள்.

என்ன வேலை இது?

எக்கோ என்பது மீயொலியை (அல்ட்ராசவுண்ட்) கொண்டு இதயத்தைப் பார்ப்பது. ஊசி இல்லை, கதிர்வீச்சு இல்லை. நெஞ்சில் ஜெல் தடவி, புரோப்பை வைத்தால் இதயம் துடிப்பது திரையில் அப்படியே தெரியும். 1953-இல் ஸ்வீடனின் லுண்ட் நகரில் எட்லர் என்ற மருத்துவரும் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாளரும் இதைத் தொடங்கினார்கள். கப்பல் கட்டும் தளத்தில் உலோகத்தில் குறை இருக்கிறதா என்று பார்க்கும் கருவியை வைத்துத்தான் ஆரம்பம். அந்த ஹெர்ட்ஸுடைய அப்பாவின் பெரியப்பா பெயர்தான், நாம் தினமும் மெகாஹெர்ட்ஸ் என்று சொல்லும் அலகில் இருக்கிறது.

இதயத்தின் அறைகள், வால்வுகள், சுவர்கள் எப்படி இயங்குகின்றன என்று படம் எடுப்பதும், அளவுகள் எடுப்பதும் டெக்னீஷியன் வேலை. அதைப் படித்து நோய் இன்னதென்று சொல்லிக் கையெழுத்துப் போடுவது டாக்டர் வேலை. இந்தக் கோடு எங்கே இருக்கிறது என்று முதல் நாளே மனதில் பதிய வைத்துக்கொள்ளுங்கள். நாம் எடுக்காத படத்தை டாக்டர் பார்க்க முடியாது. நம் பொறுப்பு அவ்வளவு பெரியது.

எந்தப் படிப்பு?

தமிழ்நாட்டில் நேரான வழி பி.எஸ்சி. கார்டியாக் டெக்னாலஜி. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் உள்ள கல்லூரிகளில் 3 ஆண்டு படிப்பு, அப்புறம் 1 ஆண்டு இன்டர்ன்ஷிப். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியலோடு உயிரியல், அல்லது தாவரவியலும் விலங்கியலும் படித்திருக்க வேண்டும். சென்னை மருத்துவக் கல்லூரி போன்ற அரசுக் கல்லூரிகளிலும் இந்தப் படிப்பு இருக்கிறது. அரசு இடங்களுக்கு மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்ககத்தின் தேர்வுக் குழு கவுன்சலிங் நடத்தும். பி.எஸ்சி. நர்சிங், பி.பார்ம். போன்ற படிப்புகளோடு சேர்த்தே அறிவிப்பு வரும். அந்த ஆண்டின் தகவல் தொகுப்பேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை நீங்களே படியுங்கள். பிரவுசிங் சென்டரில் சொல்வதை மட்டும் நம்பி விருப்பப் பட்டியலைப் போடாதீர்கள்.

பெயரில் குழம்புகிறவர்கள் நிறையப் பேர். கார்டியோ பல்மனரி பெர்ஃப்யூஷன் என்றால், திறந்த இதய அறுவை சிகிச்சையில் ஹார்ட் லங் மெஷினை இயக்கும் படிப்பு. ஆபரேஷன் தியேட்டர்தான் அவர்கள் இடம். ரேடியாலஜி இமேஜிங் என்றால் எக்ஸ்ரே, சிடி, எம்ஆர்ஐ. இரண்டுமே நல்ல படிப்புகள், ஆனால் எக்கோ அறைக்குக் கொண்டுபோய் விடாது. நம் ஊர் மருத்துவமனைகளில் எக்கோ அறை இருப்பது பெரும்பாலும் கார்டியாலஜி பிரிவில். கார்டியாக் டெக்னாலஜி படித்தவருக்கு அங்கேயே ஈசிஜி, டிரெட்மில், ஹோல்டர் (நாள் முழுக்க மாட்டிவிடும் ஈசிஜி), கேத் லேப் (ஆஞ்சியோ செய்யும் அறை) என்று மற்ற கதவுகளும் திறந்திருக்கும். எக்கோ பிடிக்காமல் போனாலும் படிப்பு வீணாகாது.

அரசு மருத்துவக் கல்லூரிகளில் கார்டியோ சோனோகிராபி டெக்னீஷியன் என்று ஓராண்டுச் சான்றிதழ் படிப்பும் உண்டு. வீட்டுச் சூழ்நிலையால் சீக்கிரம் சம்பாதிக்க வேண்டியவர்களுக்கு அது பெரிய உதவி. அந்த வழியில் வந்து அருமையாக எக்கோ எடுக்கும் அண்ணன்கள் இருக்கிறார்கள், நானே அவர்களிடம் கற்றுக்கொண்டிருக்கிறேன். ஆனால் 2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த தேசிய துணைநிலை மற்றும் சுகாதாரத் தொழில் ஆணையச் சட்டத்தைக் கவனியுங்கள். எக்கோ டெக்னாலஜிஸ்ட் அதன் அட்டவணையில் இடம்பெற்றிருக்கிறது. துணைநிலை சுகாதாரத் தொழிலர் என்று சொல்ல, குறைந்தது 2000 மணி நேரப் பயிற்சி, 2 முதல் 4 ஆண்டுகளில் முடித்த டிப்ளமோவோ பட்டமோ வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். ஓராண்டுச் சான்றிதழ் அந்தக் கணக்குக்குள் வராது. நான்கு வருடம் படிக்க வழி இருக்கிறவர்கள் பட்டமே படியுங்கள். பின்னால் வெளிநாடு போகவும் எம்.எஸ்சி. சேரவும் அதுதான் உதவும்.

"மூன்று மாதத்தில் எக்கோ, நூறு சதவீதம் வேலை" என்று சுவரொட்டி ஒட்டுகிற இடங்களுக்குப் போகவே வேண்டாம்.

கல்லூரியைப் பார்க்கப் போகும்போது

கட்டடத்தைப் பார்க்காதீர்கள், ஓபியைப் பாருங்கள். காலை ஒன்பது மணிக்குக் கார்டியாலஜி ஓபி வாசலில் போய் அரை மணி நேரம் நில்லுங்கள். எத்தனை பேர் காத்திருக்கிறார்கள்? எக்கோ அறைக்கு வெளியே வரிசை இருக்கிறதா? நோயாளி வராத இடத்தில் எக்கோ கற்க முடியாது.

அப்புறம் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் இருவரைக் கேன்டீனில் பிடித்து, தனியாகக் கேளுங்கள். எக்கோ மெஷின் எத்தனை இருக்கிறது? உங்கள் வகுப்பில் எத்தனை பேர்? இதுவரை நீங்கள் உங்கள் கையால் எத்தனை எக்கோ எடுத்திருக்கிறீர்கள்? கடைசிக் கேள்விக்கு அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டால், பதில் கிடைத்துவிட்டது.

இதை அனுபவத்தில்தான் சொல்கிறேன். நான் படித்த இடத்தில் இருபது பேருக்கு ஒரே மெஷின். அதிலும் பாதி நாள், "மெஷின் விலை தெரியுமா, தள்ளி நில்லுங்க" என்பார்கள். இரண்டு வருடம் அந்த அறையின் பின்சுவரில் சாய்ந்து நின்றுதான் எக்கோ பார்த்தேன். ஃபீஸ் கட்டிய அப்பாவிடம் இதைச் சொல்ல வாய் வரவில்லை. இன்டர்ன்ஷிப்பில்தான் எனக்கு விடிந்தது. வேறொரு மருத்துவமனையில், கூட்டம் தாங்காமல் எங்களையும் உட்கார வைத்தார்கள். அந்த ஒரு வருடத்தில் கற்றதைத்தான் இன்று வரை வைத்துப் பிழைக்கிறேன். உங்கள் பிள்ளைக்கு அந்த இரண்டு வருட நஷ்டம் வேண்டாம்.

படிக்கும் காலத்தில்

முதல் வருடம் உடற்கூறியல், உடலியங்கியல் என்று எல்லாருக்கும் பொதுவான பாடங்கள். அதில் இதயத்தை மட்டும் மற்றவர்களைவிட இரண்டு மடங்கு படியுங்கள். கறிக்கடையில் ஓர் ஆட்டு இதயம் வாங்கி, வெட்டி, மைட்ரல் வால்வின் இதழ்களையும் அவற்றைப் பிடித்திருக்கும் நரம்பு போன்ற இழைகளையும் விரலால் தொட்டுப் பாருங்கள். படம் பார்த்துப் படிப்பதில் வராத ஒன்று, இடது வென்ட்ரிக்கிள் (இதயத்தின் கீழறை) சுவர் வலது பக்கத்தைவிட எவ்வளவு தடிமன் என்பது, அந்த ஒரு தொடுதலில் வந்துவிடும்.

இயற்பியலை வெறுக்காதீர்கள். பெரியவர்களுக்கு ஏன் 2 முதல் 5 மெகாஹெர்ட்ஸ் புரோப், குழந்தைகளுக்கு ஏன் அதற்கு மேல் என்ற கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது. அதிர்வெண் கூடினால் படம் கூர்மையாகும், ஆனால் ஆழம் போகாது. ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் கலரில் சிவப்பு என்றால் சுத்த ரத்தம், நீலம் என்றால் அசுத்த ரத்தம் என்று பல புதியவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. புரோப்பை நோக்கி வரும் ரத்தம் சிவப்பு, விலகிப் போகும் ரத்தம் நீலம், அவ்வளவுதான்.

டாப்ளரில் இன்னொரு கணக்கு. ரத்தம் ஒரு குறுகிய வால்வைத் தாண்டும் வேகத்தை வர்க்கப்படுத்தி 4-ஆல் பெருக்கினால், வால்வின் இரு பக்கத்துக்கும் உள்ள அழுத்த வித்தியாசம் கிடைக்கும். வேகம் விநாடிக்கு 4 மீட்டர் என்றால் 64 மில்லிமீட்டர் பாதரசம். இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் வெளியேறும் அயோர்ட்டிக் வால்வில் அது கடுமையான சுருக்கம். அதே நோயாளிக்கு நீங்கள் புரோப்பைக் கொஞ்சம் சாய்வாகப் பிடித்து 3 மீட்டர் என்று எடுத்துவிட்டால் 36 என்று வரும், நடுத்தரம் என்று ரிப்போர்ட் போகும். வால்வு மாற்ற வேண்டியவர் மாத்திரையோடு வீட்டுக்குப் போய்விடுவார். ரத்தம் ஓடும் திசைக்கு ஒலிக்கற்றை நேர்கோட்டில் இருக்க வேண்டும் என்று சீனியர்கள் தலைப்பாடாகச் சொல்வது இதனால்தான். ஒரே இடத்தில் கிடைத்ததோடு நிற்காமல், வலது மார்புப் பக்கம், கழுத்துக்குழி என்று வேறு இடங்களிலும் தேடி, கிடைத்ததில் அதிகமான வேகத்தை எடுக்க வேண்டும்.

கை பழகுவது

நோயாளியை இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். இடது கை தலைக்கு மேல். அப்படிப் படுத்தால் இதயம் நெஞ்சுச் சுவரை ஒட்டி வரும், விலா இடைவெளி விரியும். மூன்று ஈசிஜி லீடுகளை மாட்டுங்கள். ஈசிஜி இல்லாமல் எக்கோ எடுக்கும் பழக்கத்தைத் தொடங்கவே தொடங்காதீர்கள். இதயம் எப்போது சுருங்குகிறது, எப்போது விரிகிறது என்பது அதில்தான் தெரியும்.

புரோப்பைப் பேனா மாதிரிப் பிடித்து, சுண்டு விரலை நோயாளியின் நெஞ்சில் ஊன்றுங்கள். அந்த ஊன்றல் இல்லாவிட்டால் ஜெல்லில் கை வழுக்கிக்கொண்டே இருக்கும். இடது பக்கம் மூன்றாவது அல்லது நான்காவது விலா இடைவெளியில், மார்பெலும்பை ஒட்டி வைத்து, புரோப்பின் குறி வலது தோளைப் பார்க்கத் திருப்பினால் பாராஸ்டெர்னல் லாங் ஆக்சிஸ், அதாவது இதயத்தின் நீளவாட்டுப் படம். எல்லாரும் முதலில் கற்கும் வியூ இது. அங்கிருந்து புரோப்பை நகர்த்தாமல், கடிகாரம் சுற்றும் திசையில் 90 டிகிரி திருப்பினால் ஷார்ட் ஆக்சிஸ், குறுக்குவாட்டுப் படம். நகர்த்தாமல் திருப்புவதுதான் கஷ்டம். முதல் ஒரு மாதம் இந்த ஒன்றை மட்டும் பழகினாலும் நஷ்டமில்லை.

அடுத்தது, இதயத்தின் நுனியிலிருந்து பார்க்கும் ஏபிகல் வியூ. நான்கு அறையும் தெரியும் படம். என் இன்டர்ன்ஷிப்பில் மறக்க முடியாத நாள் இதில்தான் வந்தது. மாரடைப்பு வந்து நான்கு நாளான ஒரு பெரியவர். நான் படம் எடுத்தேன். நான்கு அறையும் அழகாக விழுந்திருந்தது, இதயத்தின் நுனி உருண்டையாக, நன்றாகவே சுருங்குகிற மாதிரி தெரிந்தது. சீனியர் அண்ணன் வந்தார், ஒன்றும் சொல்லவில்லை. என் கையின் மேல் அவர் கையை வைத்து, புரோப்பை ஒரு விலா கீழே இறக்கி, கொஞ்சம் பக்கவாட்டில் தள்ளினார். திரையில் இடது வென்ட்ரிக்கிள் நீண்டுகொண்டே போனது. நான் நுனி என்று நினைத்தது நுனியே இல்லை. உண்மையான நுனி அசையாமல் கிடந்தது. அதன் மூலையில் ஒரு ரத்தக்கட்டி, சுண்டு விரல் நகம் அளவு.

"இப்ப பாரும்மா" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அந்தக் கட்டி பிய்ந்து மூளைக்குப் போயிருந்தால் பக்கவாதம். நுனியைத் தவறவிட்டு இதயத்தைக் குட்டையாக எடுக்கும் இந்தத் தப்பைப் புதியவர்கள் எல்லாரும் செய்கிறார்கள். படம் அழகாக இருப்பதால் தப்பு தெரியாது. இதயம் குட்டையாக, நுனி தடித்து உருண்டு, ஒவ்வொரு துடிப்புக்கும் உங்களை நோக்கித் துள்ளினால் சந்தேகப்படுங்கள். ஒரு விலா கீழே இறங்கிப் பாருங்கள். இப்படிக் குட்டையாக எடுத்த படத்தில் இஜெக்‌ஷன் ஃபிராக்‌ஷனும் உண்மையைவிடக் கூடுதலாக வரும்; ஒவ்வொரு துடிப்பிலும் கீழறை எத்தனை சதவீத ரத்தத்தை வெளியே தள்ளுகிறது என்ற கணக்கு அது.

குண்டானவர்கள், நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு நெஞ்சில் எங்கே வைத்தாலும் படம் மங்கலாகத்தான் வரும். "மூச்சை விட்டுட்டு அப்படியே நிறுத்துங்க ஐயா" என்று சொல்லிப் பாருங்கள். அதுவும் சரிவராவிட்டால் மல்லாக்கப் படுக்க வைத்து, முழங்காலை மடக்கச் சொல்லி, மேல் வயிற்றிலிருந்து மேல் நோக்கிப் பாருங்கள். பலருக்கு அந்தச் சப்காஸ்டல் வியூதான் கைகொடுக்கும்.

எந்த வரிசையில், எந்தெந்த வியூ எடுக்க வேண்டும் என்று அமெரிக்க எக்கோ சங்கம் 2019-இல் முழு வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. அவர்கள் இணையதளத்தில் இலவசம். ஒரு முழு எக்கோவுக்கு முக்கால் மணி, ஒரு மணி நேரம் ஒதுக்கும் ஊர்களுக்காக எழுதியது அது. நம் ஓபியில் பத்து நிமிடம் கிடைத்தால் பெரிது. ஆனாலும் வரிசையை மாற்றாதீர்கள். அவசரத்திலும் ஒரே வரிசையில் எடுக்கிறவர்தான் எதையும் விடாமல் எடுப்பார்.

நோயாளியிடம்

பெண் நோயாளி என்றால் கூட ஒரு பெண் இருக்க வேண்டும். துணியால் மூடி, தேவையான இடத்தை மட்டும் விலக்கி எடுக்க வேண்டும். மார்பைத் தூக்க வேண்டியிருந்தால் சொல்லிவிட்டு, புறங்கையால் தூக்க வேண்டும். ஜெல் குளிரும் என்று முன்னாலேயே சொல்லுங்கள். முடிந்ததும் துடைக்கத் துணி கொடுங்கள். அறுபது வயது அம்மா ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இத்தன வருஷத்துல யாரும் இப்படி மூடி விட்டுப் பாக்கல கண்ணு" என்றார். அது எனக்கு எந்தச் சான்றிதழையும்விடப் பெரிது.

"ஏதாவது இருக்காம்மா?" என்று எல்லாரும் கேட்பார்கள். முகத்தில் எதையும் காட்டாமல், "டாக்டர் பாத்துட்டுச் சொல்லுவாங்க ஐயா" என்று சொல்லப் பழகுங்கள். ஆனால் இதயத்தைச் சுற்றி நீர் கோத்திருக்கிறது, கட்டி இருக்கிறது என்று தெரிந்தால், நோயாளி எழுந்து போகும் முன் டாக்டரை அழைத்துவிட வேண்டும்.

சட்டம் ஒன்று. எக்கோ மெஷினும் ஸ்கேன் மெஷின்தான். கருவின் பாலினத்தை அறிவிப்பதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மெஷினையும் அந்த இடத்தையும் பதிவு செய்திருக்க வேண்டும். தெரிந்தவர், சொந்தக்காரர் என்று யார் வந்து, "வயித்துல கொஞ்சம் வச்சுப் பாருங்க" என்று கேட்டாலும் தொடக் கூடாது. முதல் முறை குற்றத்துக்கே 3 ஆண்டு வரை சிறை. கருவின் இதயத்தைப் பார்க்கும் ஃபீட்டல் எக்கோ தகுதி பெற்ற மருத்துவர் செய்ய வேண்டியது.

வேலையும் வெளிநாடும்

ஆரம்பச் சம்பளம் குறைவாகத்தான் இருக்கும், மறைக்க விரும்பவில்லை. முதல் வேலையில் ஆயிரம் இரண்டாயிரம் ரூபாய் வித்தியாசத்தைப் பார்க்காதீர்கள். தினமும் நிறைய கேஸ் வருகிற, திட்டாமல் திருத்துகிற கார்டியாலஜிஸ்ட் இருக்கிற இடத்தைப் பாருங்கள். ருமாட்டிக் வால்வு நோய், பிறவி இதயக் கோளாறு, மாரடைப்பு எல்லாம் கலந்து வரும் பெரிய மருத்துவமனையில் இரண்டு வருடம் இருந்தால் கை திடப்பட்டுவிடும். அரசு வேலைக்கு, ஈசிஜி டெக்னீஷியன் போன்ற பணியிடங்களை மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் அறிவிக்கும்போது தகுதியை வரிக்கு வரி ஒப்பிட்டு விண்ணப்பியுங்கள்.

உடம்பையும் பாருங்கள். நாளெல்லாம் தோளைத் தூக்கிப் புரோப்பை அழுத்துவதால் தோள், மணிக்கட்டு, கழுத்து வலி இந்தத் தொழிலில் சாதாரணம். நாற்காலியையும் கட்டிலையும் உங்கள் உயரத்துக்கு ஏற்றி இறக்கிக்கொண்டு உட்காருங்கள், முழங்கையை எங்காவது தாங்கலாக வையுங்கள். முப்பத்தைந்து வயதில் தோள் உறைந்து வேலையை விட்ட தோழி எனக்கு இருக்கிறாள்.

வளைகுடா நாடுகளுக்குப் போக, படிப்பையும் அனுபவத்தையும் டேட்டாஃப்ளோ என்ற நிறுவனம் மூலம் சரிபார்ப்பார்கள். அப்புறம் அந்த நாட்டு உரிமத் தேர்வு. அமெரிக்காவில் ஏஆர்டிஎம்எஸ் என்ற அமைப்பு நடத்தும் ஆர்டிசிஎஸ் என்ற எக்கோ சான்றுக்கு இரண்டு தேர்வுகள்: ஒன்று மீயொலி இயற்பியல், மற்றொன்று பெரியவர்களுக்கான எக்கோ. ஒன்றை முடித்து ஐந்து ஆண்டுக்குள் மற்றதை முடிக்க வேண்டும். சிசிஐ என்ற அமைப்பின் ஆர்சிஎஸ் சான்றும் அங்கே செல்லும். பிரிட்டனில் பிரிட்டிஷ் எக்கோ சங்கத்தின் அங்கீகாரத்துக்கு எழுத்துத் தேர்வோடு, 250 கேஸ் கொண்ட பதிவேட்டையும் காட்ட வேண்டும்.

வெளிநாடு போகும் எண்ணம் இல்லாவிட்டாலும் அந்தப் பதிவேட்டை இன்டர்ன்ஷிப்பின் முதல் நாளே தொடங்குங்கள். ஒரு சாதாரண நீள நோட்டு போதும். தேதி, வயது, ஆணா பெண்ணா, எதற்காக எக்கோ, நான் என்ன பார்த்தேன், டாக்டர் ரிப்போர்ட்டில் என்ன எழுதினார், இந்த ஆறு கட்டம். நோயாளியின் பெயர் வேண்டாம். ஐந்தாவது கட்டமும் ஆறாவது கட்டமும் ஒத்துப்போகாத கேஸ்களைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அந்த வியூக்களைப் பற்றிப் படியுங்கள். பக்கத்துக்குப் பக்கம் துறைத் தலைவரிடம் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிவிடுங்கள். படிப்பு முடிந்து இரண்டு வருடம் கழித்துப் போய்க் கேட்டால், நம்மை நினைவில் வைத்திருப்பவர் அங்கே இருக்க மாட்டார்.